டாலி குட்டிகள்

தாயைக் காட்டுங்கன்னு கேக்கறீங்க. கேக்கறதுல தப்பில்லீங்க தம்பி. இப்பெல்லாம் வர்றவங்க எல்லாருமே கேக்கறாங்க. போன்ல எவனோ சொல்லிக் குடுத்திருக்கான், குட்டி வாங்கப் போனா மொதல்ல தாயைப் பாரு, அது இருக்கற எடத்தைப் பாருன்னு. மூணு வருசத்துக்கு முந்தி இப்படி ஒருத்தரும் கேட்டதில்லை. கூடையில நாலு குட்டியக் கொண்டாந்து வெச்சா, எது ஓடியாந்து காலை நக்குதோ அதைத் தூக்கிட்டுப் போயிருவாங்க.

காட்ட முடியாதுங்க. செத்துப் போச்சு. இன்னியோட அம்பத்திரண்டு நாளாச்சு. உங்க மடியில கெடக்கறானே, அவன் பொறந்த அன்னிக்கே போயிருச்சு. மூஞ்சிய அப்படி வெச்சுக்காதீங்க. சீக்குல சாகலை. குட்டிக்கு ஒரு கொறையும் கெடையாது, மொத ஊசி போட்டாச்சு, அட்டை இருக்குது, காட்டறேன். தாய் செத்தது வேற கதை. அது நாய் செத்த கதையே இல்லீங்க, கூடவே இருந்தவ பண்ணுன துரோகம். வந்தவங்க கிட்ட வூட்டு வெவகாரம் பேசறவ இல்லை நானு. ஆனா நீங்க கேட்டுட்டீங்க. சொல்லாம விட்டா, இந்தப் பொம்பளைக்கு வளர்க்கத் தெரியலை, கொன்னுபோட்டான்னு நெனைப்பீங்க. அதனால கேட்டுட்டே போங்க.

டாலி வந்தப்ப உள்ளங்கையளவுதான் இருக்கும். எங்க தம்பி பெங்களூர்ல இருந்து கொண்டாந்தான். பக் சாதி. மூஞ்சி நசுங்குனாப்பல, கண்ணு ரெண்டும் கோலிகுண்டாட்டம். நான் வேண்டாம்னுதான் சொன்னேன். எங்க வூட்டுக்காரரு பனியன் கம்பெனியில கட்டிங் மாஸ்டரு, காலைல போனா பொழுதோடதான் வருவாரு. எனக்கு வூட்டு வேலையே சரியா இருக்கும். நாயை எவ பாக்கறதுன்னு கேட்டேன். கலாமணிதான் கையை நீட்டி வாங்கி மடியில போட்டுக்கிட்டா.

கலாமணின்னா அவரோட தங்கச்சிங்க. என்ற நாத்தனாரு. காங்கேயத்துல கட்டிக் குடுத்தது. ரெண்டு தடவை உண்டாகி ரெண்டும் தங்கலை. அப்பறம் கர்ப்பப்பையில கட்டின்னு சொல்லி, கோயமுத்தூர்ல ஒரு ஆஸ்பத்திரியில அதையே எடுத்துட்டாங்க. எட்டு நாள் நாந்தான் கூட இருந்தேன். அவ புருசன் அந்த வாசப்படியை மிதிக்கலை. ஆறு மாசத்துல வேற ஒருத்தியக் கட்டிக்கிட்டான். இவ ஒரு சூட்கேசோட இங்க வந்து நின்னா. பொறகால ஒரு ரூம்பு, பழைய சாமானம் போட்டு வெச்சிருந்தோம், ஒதுக்கிக் குடுத்தேன். வேற எவளாச்சும் குடுப்பாளா? சொல்லுங்க. வயசு முப்பதுதான் அப்ப. சோறு போட்டு, துணி எடுத்துக் குடுத்து, நோம்பிக்கு நோம்பி எனக்கு என்ன சேலையோ அதே சேலை அவளுக்கும். அதையெல்லாம் மனசுல வெச்சுக்கிட்டு மேல கேளுங்க.

நாய் அவகூடத்தான் கெடக்கும். அவ கையால வெச்சாத்தான் திங்கும். நான் வெச்சா மோந்து பாத்துட்டுப் போயிரும். ஆளாட்டம் கொறட்டை விடும். அந்த ரூம்புல ரெண்டும் படுத்துக் கெடக்கறதைப் பாத்து எங்க வூட்டுக்காரரு சிரிப்பாரு, பாவம் அவளுக்கும் ஒரு தொணை ஆச்சும்பாரு. நானும் ஒண்ணுஞ்சொல்லலை. நல்லா இருக்கட்டும்னுதான் விட்டேன்.

எட்டு மாசத்துல டாலி பருவத்துக்கு வந்துச்சு. பக்கத்துத் தெரு டீச்சர் வூட்டுல ஒரு ஆண் நாய் இருந்தது. அந்தம்மாவே கேட்டாங்க, சேத்தி விடலாமான்னு. கலாமணி அப்பவே ஆரம்பிச்சா. அண்ணி, அதுவே இன்னும் குட்டிங்களே, அடுத்த தடவை பாத்துக்கலாம்னா. பருவத்துக்கு வந்தாச்சுன்னா வந்தாச்சுதானே, இதுல என்ன குட்டின்னு நான் கேட்டேன். அஞ்சு போட்டுச்சு. அஞ்சும் கொழுகொழுன்னு. ஒரு ஆணை மட்டும் வெச்சுக்கிட்டேன், அதுதான் அங்க சங்கிலியில கட்டிக் கெடக்கறான் பாருங்க, ரோமி. மத்ததெல்லாம் கண்ணு தொறந்து ஒரு மாசத்துல போயிருச்சு.

தம்பி, எனக்குக் கல்யாணம் ஆகி இருவத்து மூணு வருசம். அதுவரைக்கும் என்னைத் தேடி ஒருத்தரும் இந்த வூட்டுக்கு வந்ததில்லை. அவரைத் தேடி வருவாங்க, வரி கட்டச் சொல்லி வருவாங்க. மொதத் தடவையா வாசல்ல கார் நிக்குது, எறங்கறவங்க, அம்மா இருக்காங்களான்னு கேக்கறாங்க. டாலி குட்டின்னு ஒரு பேரே ஆயிப்போச்சு. சேவூரு, தெக்கலூரு, அந்தப் பக்கம் திருப்பூரு, எங்க போனாலும், நீங்கதான அந்த டாலி குட்டிக்காரம்மான்னு கேப்பாங்க. ஒரு கல்யாண வூட்டுல மாப்பிள்ளையோட அம்மா என்னைப் பாத்து எந்திரிச்சு நின்னாங்க. பொய்யில்லை.

அதனால ரெண்டாவது பருவத்துக்கும் விட்டேன். ஆறு குட்டி. பால் குடுத்துக் குடுத்து ஒரு நாள் காலைல கையுங்காலும் வெறைச்சு, வெட்டு வெட்டுன்னு இழுக்க ஆரம்பிச்சிருச்சு. கலாமணி வாரிக்கிட்டு ஓடுனா. நாய் டாக்டரம்மா ஒருத்தங்க இருக்காங்க, மெயின் ரோட்டுல. டிரிப்ஸ் ஏத்தி எழுப்பி விட்டாங்க. ஒடம்புல இருக்கற சுண்ணாம்புச் சத்தெல்லாம் பாலாப் போயிருச்சு, இனி ஒரு வருசத்துக்காவது விட்டுருங்கன்னு சொன்னாங்களாம். கலாமணி வந்து சொன்னா. மாடு வருசா வருசம் கன்னு போடலையான்னு கேட்டேன். வாதாடத் தெரியாதுங்க அவளுக்கு. அது ஒண்ணுதான் எனக்கு அவ கிட்டப் புடிச்சது.

மூணாவது தடவை தானாப் பெக்க முடியலை. வயித்தைக் கிழிச்சுத்தான் எடுத்தாங்க. அந்த டாக்டரம்மா என்னை வரச்சொன்னாங்க, போனேன். இந்தச் சாதிக்கு தலை பெருசு, இடுப்பு சின்னது, இதோட நிறுத்திக்கங்கன்னாங்க. நான் தலையாட்டிட்டு வந்துட்டேன். டாக்டருங்க அப்படித்தான் சொல்லுவாங்க. எனக்கும் எட்டாம் மாசத்துல, ஆபரேசன்தான்னு சொல்லி மெரட்டுனாங்க. அப்பறம் பையன் சுகப்பிரசவமாத்தான் பொறந்தான்.

நாலாவதுதான் கொஞ்சம் சரியில்லாமப் போச்சு. நான் மறைக்க மாட்டேன், உள்ளதைச் சொல்றேன். டீச்சர் வூட்டு நாய் செத்துப் போயிருந்தது. வெளிய இருந்து ஆண் நாய் கொண்டு வந்தா, இருக்கறதுல நல்ல குட்டியா ஒண்ணைக் கூலியா அந்த நாய்க்காரங்க பொறுக்கிட்டுப் போயிருவாங்க. வூட்டுலயே ரோமி வளந்து நிக்கறான். அவனையே விட்டேன். கலாமணி, அண்ணி, அவன் அது வயித்துல பொறந்தவன்ங்க அப்படின்னா. நாய்க்கு ஏது அம்மா புள்ளைன்னு கேட்டேன். நெசந்தானுங்களே? தெருவுல போற நாயெல்லாம் சாதகம் பாத்தா சேருது?

மறுக்காவும் கிழிச்சு எடுக்க வேண்டியதாப் போச்சு. நாலு குட்டி. டாக்டரம்மா குட்டிங்களைப் பாத்துட்டு, அப்பன் யாருன்னு கேட்டாங்க. நான் சொல்லலை, கலாமணிதான் சொல்லிட்டா. அந்தம்மா கையொறையக் கழட்டிப் போட்டுட்டு என்னைப் பாத்தாங்க பாருங்க, கொலை பண்ணிட்டு வந்தவளைப் பாக்கறாப்பல. இப்பவே கர்ப்பப்பையை எடுத்துடறேன், கையெழுத்துப் போடுங்கன்னாங்க. நான் போட மாட்டேன்னுட்டேன். அப்பத்தான் அந்தம்மா சொன்னாங்க, "அந்தப் பை காகிதமாட்டம் ஆயிருச்சு. இன்னொரு தடவை தாங்காது. நான் சொல்லலைன்னு அப்பறம் சொல்லாதீங்க."

சொன்னாங்க. இல்லைன்னு சொல்லலையே நானு. ஆனா தம்பி, கர்ப்பப்பையை எடுத்துட்டா அப்பறம் அது எதுக்கு? நீங்களே சொல்லுங்க. சும்மா கெடந்து தின்னுட்டு கொறட்டை விடறதுக்கா?

அந்த நாலுல ஒண்ணுக்கு வாயில மேல் அண்ணமே இல்லை. பால் குடிச்சா மூக்கு வழியா வந்துரும். கலாமணி அதைக் கையில எடுத்துக்கிட்டா. மருந்து ஊத்தற பில்லர்ல சொட்டுச் சொட்டா ஊத்துவா, மூக்குல வந்தா பஞ்சுல தொடைப்பா, மறுபடி ஊத்துவா. ஒன்பது நாளு. சோறு திங்கலை, தலை சீவலை. வூட்டு வேலை அப்படி அப்படியே கெடக்குது. பத்தாம் நாள் ஈரோட்டுல இருந்து ஒரு குடும்பம் குட்டி பாக்க வர்றேன்னு சொல்லியிருந்தாங்க. இதை அவங்க பாத்தா மத்ததையும் சந்தேகப்படுவாங்கல்ல? அவ குளிக்கப் போயிருந்தா. தொவைக்கற கல்லுகிட்ட பக்கெட்டுல தண்ணி இருந்தது. ரெண்டு நிமிசந்தானுங்க. அதுக்கே நல்லதுதான், எத்தனை நாளைக்கு மூக்குல பாலை விட்டுக்கிட்டு கெடக்கும்?

ஈரத்தலையோட வந்தா. பக்கெட்டுல பாத்தா. கத்துவான்னு நெனைச்சேன், கத்தலை. எடுத்து முந்தானையில தொடைச்சா. தொடைச்சுக்கிட்டே இருந்தா. செத்ததை எதுக்குடி தொடைக்கறேன்னு கேட்டேன். வந்தவங்களுக்குக் காப்பி வெச்சுக் குடுன்னேன், உள்ள போயி வெச்சுக் குடுத்தா. சொன்ன வேலையைச் செஞ்சிருவா, அதுல கொறை சொல்ல முடியாது.

ஈரோட்டுக்காரங்க அடுத்த மாசம் வந்து எடுத்துட்டுப் போன குட்டி பதினஞ்சு நாள்ல போயிருச்சுன்னு போன் பண்ணுனாங்க. சின்னப் புள்ளை ஒண்ணு அந்தப் பக்கம் அழுதுட்டு இருந்தது. நீங்க மாட்டுப்பால் குடுத்திருப்பீங்கன்னு சொல்லிட்டு வெச்சிட்டேன். வளர்க்கத் தெரியாம வாங்குனா நானா பொறுப்பு? கீழ விட்டுட்டீங்க, குட்டியைத் தூக்கி வெச்சுக்கங்க தம்பி, தரை சுடும்.

இனிமேத்தான் துரோகத்துக்கு வர்றேன்.

நான் ஒண்ணும் யோசிக்காதவ இல்லீங்க. ரோமியை விட்டது தப்போன்னு எனக்கே பட்டுச்சு. அதனால பெருந்துறையில நாச்சிமுத்துன்னு ஒருத்தர், நாய்க் கண்காட்சியெல்லாம் போயி கோப்பை வாங்குனவரு, அவரு கிட்ட நல்ல ஆண் நாய் இருக்குதுன்னு கேள்விப்பட்டு, சொல்லி வெச்சிருந்தேன். ஆவணியில டாலி பருவத்துக்கு வரணும். தெனமும் கலாமணி கிட்டக் கேப்பேன், ஏதாச்சும் தெரியுதான்னு. இல்லீங்கண்ணிம்பா. ஆவணி போச்சு. பொரட்டாசியும் பாதி போயிருச்சு. நாச்சிமுத்துவே ஒரு நாள் இந்தப் பக்கம் வந்தவரு, பாத்துட்டுப் போறேன்னு வந்தாரு. இந்த எடத்துலதான் நின்னாரு. எங்க வூட்டுக்காரரும் இருந்தாரு. டாலியப் பொரட்டிப் பாத்துட்டு, என்னங்கம்மா, வந்து முடிஞ்சிருச்சாட்ட இருக்குதே, வீக்கம் இப்பத்தான் வடியுதுன்னாரு.

எனக்கு ஒண்ணும் புரியலை. அப்பறம் பொறகால போயித் தேடுனேன். தண்ணித் தொட்டிக்குப் பின்னால, செங்கல்லுக்கு அடியில, சுருட்டிச் சுருட்டி வெச்சிருக்கறா, கறைத் துணி. பழைய உள்பாவாடையைக் கிழிச்சு அதுக்கு எடுத்துக் கட்டியிருக்கா. அது சொட்டுப் போடப் போட, நான் எந்திரிக்கறதுக்குள்ள தரையத் தொடைச்சிருக்கா. ரோமி மோந்து பாக்கக் கூடாதுன்னு வேப்பெண்ணை தேச்சு விட்டிருக்கா. இருவது நாளுங்க. ஒரே வூட்டுல, என்ற கண்ணு முன்னால, இருவது நாள் ஒரு பருவத்தையே திருடியிருக்கா.

அந்தத் துணியைக் கொண்டாந்து அத்தனை பேர் முன்னாலயும் போட்டேன். என்னடி இதுன்னேன். அவ அவங்க அண்ணனைப் பாக்கறா, அந்த நாச்சிமுத்துவைப் பாக்கறா, கீழ பாக்கறா. மூஞ்சியெல்லாம் வேர்த்துப் போச்சு. அப்பறம் சன்னமாச் சொல்றா, "அது என்னுதுங்க அண்ணி."

நாயைக் காப்பாத்தறதுக்கு, வெளியாளு முன்னால, அதுவும் ஆம்பளைங்க முன்னால, என்ன பொய் சொல்றா பாருங்க. எனக்கு வந்ததே ஆத்திரம்.

"கர்ப்பப்பையே இல்லாதவளுக்கு ஏதுடி தீட்டு?"

நெசத்தைத்தான சொன்னேன். ஆஸ்பத்திரியில கூட இருந்தவ நானு, எனக்குத் தெரியாதா? நாச்சிமுத்து தரையைப் பாத்துக்கிட்டே செருப்பை மாட்டுனாரு. அப்பறம் அந்த மனுசன் போனே எடுக்கறதில்லை. எங்க வூட்டுக்காரரு அன்னிக்குச் சாயங்காலம், ஆம்பளைங்க இருக்கறப்ப அப்படிப் பேசலாமான்னு கேட்டாரு. அவ சொல்லலாம், நான் சொல்லக் கூடாதான்னு கேட்டேன்.

அன்னியில இருந்து டாலியை நானே பாத்துக்க ஆரம்பிச்சேன். மாடிப்படிக்குக் கீழ கட்டி வெச்சு, நானே சோறு வெச்சேன். ரெண்டு நாள் திங்கலை. அப்பறம் பசிச்சா திங்காம எங்க போகும்? கேட்டுக்குப் பூட்டுப் போட்டு சாவியை இடுப்புல சொருகிக்குவேன். பாதுகாப்புக்குத்தாங்க. தை மாசம் மறுபடி பருவம் வந்துச்சு. நாச்சிமுத்து வரலை, வேற வழியில்லாம ரோமியே ஆச்சு. கலாமணியப் புடின்னு சொன்னேன், புடிக்க மாட்டேன்னு ரூம்புக்குள்ள போயிக் கதவைச் சாத்திக்கிட்டா. நானும் அவரும்தான் புடிச்சோம். வாயைக் கட்டித்தான் விட வேண்டியிருந்தது. முன்னெல்லாம் அது அப்படிப் பண்ணாது, இவ கெடுத்து வெச்சிருந்தா.

சினை புடிச்சதும் இவ அந்த டாக்டரம்மா கிட்டப் போயிச் சொல்லியிருக்கா. அந்தம்மா எனக்கு போன் போடறாங்க. நாள் குறிச்சுக்கங்க, வலி வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம், முன்னாடியே கொண்டாந்துருங்கங்கறாங்க. சரிங்கன்னேன். கொண்டு போனா என்ன பண்ணுவாங்கன்னு எனக்குத் தெரியும். குட்டிய எடுக்கறேன்னு சொல்லி பையையும் சேத்து எடுத்துருவாங்க. அதனால ஆறுச்சாமியச் சொல்லி வெச்சேன். மாட்டு ஆஸ்பத்திரியில கம்பவுண்டரா இருந்து ரிட்டையர் ஆனவரு. நெம்ப அனுபவம்.

பங்குனி மாசம். ஞாயித்துக்கிழமை. வெயில்னா வெயிலு அப்படியொரு வெயிலு. காலைல எட்டு மணிக்கு முக்க ஆரம்பிச்சுது. ஒண்ணும் வரலை. இந்தச் சாதிக்கு மூச்சு விடறதே செரமம், வெயில்ல நாக்கு நீலமாப் போயிருச்சு. பன்னெண்டு மணிக்கு ஆறுச்சாமி வந்து வலி வர்றதுக்கு ஊசி போட்டாரு. ஒரு மணி நேரம் பாத்துட்டு இன்னொண்ணு போட்டாரு. அப்ப ஒரு சத்தம் போட்டுச்சு. நாய் போடற சத்தமாட்டம் இல்லை. அதுக்கப்பறம் முக்கறதே நின்னு போச்சு, வயிறு மட்டும் கல்லாட்டம் இருந்தது. நான் வலி கொறைஞ்சிருச்சு போலன்னு நெனைச்சேன்.

கலாமணி அதைச் சேலைல சுத்தித் தூக்கிக்கிட்டு கேட்டுக்கு ஓடுனா. பூட்டியிருக்குது. சாவியைக் குடுங்கண்ணின்னா. குட்டி பொறக்கற நேரத்துல எங்கடி தூக்கிட்டுப் போறேன்னேன். அவங்க அண்ணன் கிட்டப் போனா. அவரு டிவி முன்னால உக்காந்திருந்தாரு. "அண்ணா, நீயாவது சாவிய வாங்கிக் குடுண்ணா." அவரு என் மூஞ்சியப் பாத்தாரு. நான் ஒண்ணுமே சொல்லலை, சத்தியமா. அவரா எந்திரிச்சு உள் ரூம்புக்குப் போயிட்டாரு.

அப்பறம் என்ற காலைப் புடிச்சா. நாயை மடியில வெச்சுக்கிட்டே புடிச்சா. "என்னைய என்ன வேணும்னாலும் பண்ணுங்க அண்ணி. இதை மட்டும் விட்டுருங்க." எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. எதுத்த வூட்டுக்காரங்க மாடியில துணி காயப்போடறாங்க, பாத்துக்கிட்டே நிக்கறாங்க. எந்திரிடி, நாய்க்குப் போயி இப்படிப் பண்ணுவாளா ஒருத்தி, நாலு பேரு பாக்கறாங்கன்னு சொன்னேன். பிரசவம்னா வலிக்காம இருக்குமா? நான் பெக்கலையா? இதைத்தான் அவ கிட்டச் சொன்னேன். அவளுக்கு எப்படிப் புரியும் பாவம், அவ கண்டாளா பிரசவத்தை?

கேட்டு ஓரமாவே உக்காந்துட்டா. முந்தானையில வெயிலை மறைச்சுக்கிட்டு, தண்ணியத் தொட்டுத் தொட்டு நாக்குல வெச்சுக்கிட்டு. மூணு மணிக்குப் போயிருச்சு. அவ மடியிலயே.

ஆறுச்சாமி ஓடியாந்து வயித்தைத் தொட்டுப் பாத்துட்டு, உள்ள உசுரு இருக்குதுங்கம்மா, சீக்கிரம்னாரு. பிளேடு கொண்டாந்தேன். இவ விடலை. நாயைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு, செத்ததையாவது விட்டுருங்கங்கறா. உள்ள உசுரு கெடந்து துடிக்குது, இவளுக்குச் செத்தது பெருசாப் போச்சு. நான் கூப்புட்டதும் எங்க வூட்டுக்காரரு வந்து அவ கை ரெண்டையும் புடிச்சுக்கிட்டாரு. அவரு புடிக்கலைன்னா இந்தக் குட்டிங்க இல்லைங்க. உங்க மடியில இருக்கறவன் இல்லை. அஞ்சு இருந்தது, மூணு செத்திருந்தது, ரெண்டு உசுரோட. ஒரு ஆணு, ஒரு பொட்டை. தாய் செத்தும் ரெண்டு குட்டியக் காப்பாத்துனது நானு. அதை யாரும் சொல்ல மாட்டாங்க.

டாலியப் பொதைக்கறதுக்குக் கேட்டைத் தொறந்தேன். தொறந்ததும் இவ போயிட்டா. செருப்பு இல்லை, மாத்துத் துணி இல்லை. சேலையெல்லாம் ரத்தம், அப்படியே ரோட்டுல நடந்து போறா. தெக்கலூர்ல மில்லு ஹாஸ்டல்ல சமையல் பண்ற சிநேகிதி ஒருத்தி இருந்தா, அவ கிட்டப் போயிட்டா. போகட்டும்னு விட்டேன்.

ஆனா குட்டிக்கு ரெண்டு மணிக்கொரு தடவை பால் ஊத்தணும். வயித்தைத் தடவி மூத்திரம் போக வெக்கணும். எனக்குப் பொறுமை கெடையாதுங்க, ஒண்ணுக்குப் பொரையேறிக் கண்ணு சொருகிப் போச்சு. மூணாம் நாளு ரெண்டையும் ஒரு செருப்புப் பெட்டியில போட்டு எடுத்துக்கிட்டு பஸ் ஏறுனேன். அவ ஹாஸ்டல் அடுப்படிக்கு வெளிய உக்காந்து கீரை ஆஞ்சுக்கிட்டு இருந்தா. வா போலாம்னு கூப்புடலை. மன்னிச்சுக்கன்னும் கேக்கலை, நான் எதுக்குக் கேக்கணும்? பெட்டிய அவ முன்னால வெச்சு மூடியைத் தொறந்தேன், அவ்வளவுதான். கண்ணு தொறக்காத குட்டி ரெண்டும் கீச்சு கீச்சுன்னுட்டு, காத்துல மூக்கைத் தூக்கித் தூக்கித் தேடுது. அவ செவுத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா. பத்து நிமிசம் இருக்கும். நானும் நகரலை. அப்பறம் கீரையத் தள்ளி வெச்சிட்டு, கையக் கழுவிட்டு வந்து பெட்டியத் தூக்குனா. வர்ற பஸ்ஸுலயே கூட வந்துட்டா.

என்ன தம்பி அப்படிப் பாக்கறீங்க? ஆமா, இங்கதான் இருக்கா. பொறகால ரூம்புல. அம்பது நாளா அவதான் வளர்த்தா. எங்க ரெண்டு பேரோடவும் பேச்சு வார்த்தை கெடையாது. வூட்டு வேலை முச்சூடும் செய்யறா, அண்ணனுக்குச் சோறு போடறா, மூஞ்சிய மட்டும் நிமிந்து பாக்கறதில்லை. நான் அதையெல்லாம் மனசுல வெச்சுக்கறதில்லை.

முந்தாநேத்துத்தான் மொத மொதலா வாயத் தொறந்தா. குட்டிங்க பாலை மறந்து சோறு திங்க ஆரம்பிச்சிருச்சுல்ல. அடுப்படியில வந்து நின்னு, "அண்ணி, பொட்டைக் குட்டிய எனக்குக் குடுத்துருங்க. நான் எங்கயாச்சும் போயிக்கறேன்," அப்படின்னா. நான் கோவிச்சுக்கலை. நல்லபடியாத்தான் சொன்னேன். குட்டி இந்த வூட்டுக் குட்டி, இங்கதான் இருக்கும், நீ வேணும்னா அதுகூட எத்தனை நாளைக்கு வேணும்னாலும் இருந்துக்க, உன்னையப் போன்னு யாரு சொன்னாங்கன்னு. அப்பறம் போயி அரிசியக் களைய ஆரம்பிச்சா.

அதனால, ஜோடியாக் குடுப்பீங்களான்னு போன்ல கேட்டீங்கல்ல, அது மட்டும் முடியாதுங்க. ஆணை எடுத்துக்கங்க. பொட்டையக் குடுத்துட்டா இவ மறுநாளே கெளம்பிருவா. அப்பறம் குட்டி வளர்க்க, வூட்டு வேலைக்குன்னு நான் எங்க போயி ஆள் தேடறது? இந்தக் காலத்துல எவ வந்து நிக்கறா? பொட்டை இருக்கற வரைக்கும் இவ எங்கயும் போக மாட்டா. ரோமியும் இருக்கான். டாலி குட்டிங்கற பேரு அப்படியே விட்டுப் போயிறக் கூடாதுல்ல.

கலாமணி. ஏ கலாமணி. அந்த ஊசி அட்டையை எடுத்துக்கிட்டு வா, தம்பி பாக்கணுமாம்.

வர்றா பாருங்க. எங்க போனாலும் அந்தப் பொட்டைய இடுப்புலயே வெச்சிருக்கா, எறக்கி விடறதே இல்லை. தலையைத் தூக்கி உங்களை எப்படிப் பாக்குது பாருங்க, அப்படியே டாலி மூஞ்சி. தூக்கி வெச்சுக்கட்டும் தம்பி, நான் ஒண்ணும் சொல்றதில்லை. அது பருவத்துக்கு வர இன்னும் ஆறு மாசந்தானே.